எல்லம்மாவுக்கு ஒரு நட்சத்திரம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எல்லம்மா, தான் வீட்டு வேலை செய்யும் குடியிருப்பின் கேட்டில் இருந்த திரைக்கு முகம் காட்டினாள். தினமும் செய்வதுதான். காதோரம் விழுந்த முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்து, ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்பாள். திரை பச்சையாகும். 'நல்வரவு எல்லம்மா' என்று ஒரு பெண்குரல், எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு தமிழில் சொல்லும். அன்று திரை சிவந்தது. குரலுக்குப் பதிலாகத் தொண்டை கட்டிய ஸ்கூட்டர் ஹாரன் மாதிரி ஒரு சத்தம். வாட்ச்மேன் வேதாசலம் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். 'அனுமதி இல்லை. மதிப்பீடு குறைவு.'

"இன்னாவாம்?" என்றாள் எல்லம்மா.

"யாரோ உனுக்கு மார்க்கு கம்மியா போட்டுகிறாங்க."

"நான் இன்னா பரீட்சை எழ்தினேன்?"

வேதாசலம் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். அது உள்ளே இருந்த எழுபத்திரண்டு வீடுகளில் எவருக்குமே தெரிந்திருக்காது.

முடிச்சூரில் இருக்கும் அந்தக் குடியிருப்பின் பெயர் 'அக்வா எலிசியம்'. தண்ணீர் நின்ற இடத்தில் கட்டியதை மறைக்க வழி தெரியாத பில்டர் அதைப் பெயரிலேயே போட்டு விலையையும் கூட்டிவிட்டார். 2015-ல் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்து தரைத்தளத்தில் நான்கு நாள் தங்கியது. அப்போது இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டுகளைத் தலையில் சுமந்து வந்து கொடுத்தவள் எல்லம்மா. அதற்கு யாரும் நட்சத்திரம் கொடுக்கவில்லை. செயலி அப்போது வந்திருக்கவில்லை.

செயலி வந்தது போன தை மாதத்தில். பெயர் 'நந்தி கேட்'. குடியிருப்போர் சங்கத் தலைவர் பட்டாபிராமன் அதைத் தொடங்கிவைத்துப் பதினெட்டு நிமிடம் பேசினார். பொதுத்துறை நிறுவனமொன்றில் துணைப் பொது மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, மேலாண்மைக்குக் கிடைக்கவில்லை. இனி இந்த வளாகத்தில் ஆள் பார்த்து நியாயம் இல்லை, எண்கள் மட்டுமே பேசும், எண்கள் பொய் சொல்லாது என்றார். கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த சின்ன இரும்புக் கதவை அன்றைக்கே வெல்டிங் வைத்து மூடினார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். சராசரி இரண்டுக்குக் கீழே போனால் கேட் தானாகவே தடுத்துவிடும். இங்கே மட்டுமல்ல, பெருங்களத்தூர் வரை அந்தச் செயலியை மாட்டிக்கொண்டிருக்கும் அத்தனை வளாகத்திலும். தடையை நீக்க ஒரே வழிதான். நட்சத்திரம் போட்டவரே அதை மாற்ற வேண்டும், மாற்றியதற்குக் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் எழுபத்திரண்டு வீட்டு போனிலும் பெயரோடு தெரியும். கடைசி விதி பட்டாபிராமனின் சொந்தச் சரக்கு. டிரான்ஸ்பரன்சி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

எல்லம்மா வேலை செய்தது ஆறு வீட்டில். ஐந்து வீட்டுக்காரர்கள் அவளுக்கு நட்சத்திரம் போடவில்லை. சோம்பேறித்தனம்தான். ஒரே ஒரு வீடு போட்டிருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். ஒன்றை ஒன்றால் வகுத்துச் சராசரி ஒன்று என்று கண்டுபிடித்த செயலி, கடமை தவறாமல் கேட்டை மூடிக்கொண்டது.

ஏழே கால் மணிக்குச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் அரை டிராயரோடு இறங்கி வந்தார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. என்ன வேலை என்று அவர் மனைவிக்கும் விளக்கத் தெரியாது. திரையைப் பார்த்தார். தேய்த்தார். அணைத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. யார் போட்டது என்று பார்க்க முடியாதா என்று வேதாசலம் கேட்டதற்கு, அதை ஒளித்துவைத்திருப்பதுதான் இதன் அழகே என்றார். உதவி எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். நந்தினி என்ற இயந்திரப் பெண் வந்தாள். எல்லம்மா என்பவரை உள்ளே விட வேண்டும் என்று ஷ்யாம்சுந்தர் முதலில் ஆங்கிலத்திலும், பிறகு தமிழிலும், கடைசியில் காது கேளாதவரிடம் சொல்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னார். நந்தினி யோசித்தாள். 'எல்லம்மா என்ற பார்சலின் நிலையை அறிய எண் ஒன்றை அழுத்தவும்' என்றாள். ஷ்யாம்சுந்தர் அழுத்தினார். அப்படி ஒரு பார்சல் இல்லை என்று வருந்தி நந்தினி இணைப்பைத் துண்டித்தாள்.

அவர் செயலிக்காரர்களிடம் புகார் டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருப்பதாகச் சொல்லிவிட்டு மேலே போனார். எல்லம்மா அது எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்கவில்லை. மதிற்சுவர் ஓரமாக எட்டரை வரை நின்றிருந்தாள். உள்ளே அவள் தேய்க்க வேண்டிய பாத்திரங்கள் இருந்த ஆறு சமையலறைகளின் ஜன்னல்களும் அங்கிருந்து தெரிந்தன. வேதாசலம் மட்டும், அந்தக் காலத்து நந்தி யாருக்காகவோ கொஞ்சம் நகர்ந்து கொடுத்ததாமே, இது நகராதா என்று அந்தத் திரையை ஆட்டிப் பார்த்தார். நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

புதன்கிழமை அவள் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு வளாகத்துக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அதே திரை, அதே சிவப்பு. அந்த வாட்ச்மேன் புதிது. வேதாசலமாவது சங்கடப்பட்டார். இவன் அவளை ஒரு பார்வை பார்த்தான், கையில் இருந்த பையையும் பார்த்தான். திருட்டுக் கேஸ் என்று நினைத்திருக்க வேண்டும். பதினான்கு வருஷத்தில் ஒரு வீட்டிலும் ஒரு ஸ்பூன்கூடக் குறைய விடாதவள், அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை மாலை, தலைவர் பட்டாபிராமன் தன் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் டபரா தேய்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு நிறுவனத்தையே நிர்வகித்த கைக்கு அடிப்பிடித்த பால் பாத்திரம் பிடிபடவில்லை. இரும்பு நார் எந்தப் பக்கம் தேய்க்க வேண்டியது என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. பின்னால் அவர் மனைவி அபிதகுஜாம்பாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே பொரிந்துகொண்டிருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர். திருத்திய தாளை அவள் மறுபடி திருத்தியதே இல்லை. தாளாளரின் பேத்திக்கே முப்பத்து நாலு போட்டு, ஒரு மார்க் கேட்டு வந்தவர்களுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பியவள்.

"யாரோ வயத்தெரிச்சல் பிடிச்சவா பண்ணின காரியம்னா இது. நான் போட்ட மார்க்கைப் பார்த்தாவது அந்த மெஷின் அவளை உள்ள விட்டிருக்கலாமோன்னோ?"

பட்டாபிராமன் திரும்பினார். "நீ போட்டியா? எப்போ?"

"திங்கக்கிழமை சாயங்காலம். அதுவா கேட்டுது. எல்லம்மா வேலை எப்படின்னு. அவளுக்குப் போடாம வேற யாருக்குப் போடறது? ஃபர்ஸ்ட் குடுத்தேன்."

"ஃபர்ஸ்ட்னா?"

"ஃபர்ஸ்ட்னா ஃபர்ஸ்ட்தான். வரிசையா அஞ்சு ஸ்டார் இருந்தது. மொதல் ரேங்க் ஸ்டாரை அமுக்கினேன். அது மட்டும் தங்கமா மின்னித்து. அஞ்சாவது ரேங்கா போடுவா அவளுக்கு?"

குழாய் திறந்தபடி ஓடியது. லாரியில் வாங்கிய தண்ணீர், அது ஓடினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். அன்று அவர் கவனிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம், வருஷத்துக்கு ஐந்து முறை, ஒன்று என்பதை உச்சியில் எழுதி அதன் கீழே இரண்டு, மூன்று என்று பெண்களை இறக்கிக்கொண்டே வந்தவள். அவள் உலகத்தில் ஐந்து என்பது, பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டிய இடம். அவள் தப்பே செய்யவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அபி, அது ரேங்க் இல்லை, அது மார்க் என்று சொன்னால் முடிந்தது. அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் முதலில் அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை அவர் நாற்பது வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார், மூன்றாவது தேவைப்படவில்லை. பிறகு அந்தக் காரணம் எழுதும் கட்டம். அதில் என்ன எழுதுவது என்று டபராவைக் கழுவியபடியே மனத்துக்குள் நகல் எடுத்துப் பார்த்தார். 'ஐந்து ஒன்றைவிடப் பெரியது என்பது என் மனைவிக்குத் தெரியாது. அவர் கணித ஆசிரியை.' கீழே சங்கத் தலைவரின் வீட்டு எண். எழுபத்திரண்டு போன்கள். எண்கள் பொய் சொல்லாது என்ற உரையை யாரோ வீடியோ எடுத்தும் வைத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, அவள் போனை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் வரை போனார். அது அவள் விரலுக்குத்தான் திறக்கும். ஆள்காட்டி விரல் தலையணையின் விளிம்பில் கிடந்தது. முப்பத்தோரு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல். அவள் புரண்டாள். பட்டாபிராமன் போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டத்தான் வந்தவர்போல் அதைக் கூட்டிவிட்டு வெளியேறினார். பொதுத்துறையில் அவர் கண்ட பெரிய முடிவுகள் பலவும் இப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம். கிளப் ஹவுஸ் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில், வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேசையைச் சுற்றி இருபத்துமூன்று பேர். ஓடாத டிரெட்மில்லின் மேல் யாருடையதோ ஜமக்காளம் காய்ந்தது. ஷ்யாம்சுந்தர் புரொஜெக்டர் வைத்திருந்தார். 'நம்பிக்கை, தரவு, முன்னேற்றம்' என்று முதல் படம். வீடு துடைக்க ஆள் இல்லாமல் ஆறு வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

எல்லோருமாக இப்போது ஐந்து ஐந்து போட்டுச் சராசரியைத் தூக்கிவிடலாமே என்று மூன்றாம் மாடி சுப்ரஜா கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. தடுக்கப்பட்டவருக்கு நட்சத்திரம் போட முடியாது, கள்ள ஓட்டைத் தவிர்க்க அந்த ஏற்பாடு என்று ஷ்யாம்சுந்தர் பெருமையோடு சொன்னார், அந்த ஏற்பாட்டைத் தானே பெற்றுப் பெயர் வைத்ததுபோல. அப்படியானால் திரையை அணைத்துவிட்டு அவளை நடந்து வரச் சொல்லலாமே என்றாள் சுப்ரஜா. ஒருத்திக்காக அணைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார் ஒருவர். என்ன கேட்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒன்று என்று எண் வந்திருக்கிறதென்றால் ஏதோ இருக்கத்தானே செய்யும் என்றார் இன்னொருவர். அவர் வீட்டிலும் எல்லம்மாதான் வேலை செய்தாள், ஒன்பது வருஷமாக. அந்த ஒன்பது வருஷத்தை ஒரு சிவப்பு வெளிச்சம் நொடியில் சந்தேகமாக்கியிருந்தது.

அபிதகுஜாம்பாள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடக் காலை வணக்கத்தில் பேசும் குரல் இன்னும் அப்படியே இருந்தது.

"யார் போட்டேளோ, அவாளுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா இப்போ எழுந்து நிக்கட்டும். ஒருத்தியோட பொழைப்பைக் கெடுத்துட்டு ஆத்துல உக்காந்துண்டு காபி குடிக்கறேளே, இறங்கறதா அது?"

கைதட்டல் எழுந்தது. தலைவர் நாற்காலியில் இருந்த பட்டாபிராமனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் கவனிப்பார்கள். பிறகு தண்ணீர் குடித்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. நிற்க வேண்டியவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள் என்பது அந்த அறையில் ஒருவருக்கு மட்டுமே தெரியும், அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் குழு அமைத்தார்கள். பதினைந்து நாளில் அறிக்கை. அதற்குள் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்பதால் கோவிலம்பாக்கத்தில் ஒரு ஏஜென்சியில் பேசி, ஆறு வீட்டுக்கும் சேர்த்து யூனிஃபார்ம் போட்ட ஆள் ஒருத்தியை ஒன்றாம் தேதி முதல் வரச்சொல்வது என்றும் முடிவாயிற்று. அந்த ஆளுக்கு நாலு புள்ளி எட்டு நட்சத்திரமாம்.

கூட்டம் முடிந்து, நடை போகிற சாக்கில் பட்டாபிராமன் வெளியே வந்தபோது எல்லம்மா எதிர்ச்சாரியில் மழைநீர்க் கால்வாயின் மூடி மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள்.

"யாருன்னு தெர்ஞ்சுதா சார்?"

"தெரியலம்மா. சிஸ்டத்துல பேரு வராது."

"பேரு வாணாம் சார். இன்னா குறை வச்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. ஆறு வூட்டையும் மனசுல போட்டு தேய்ச்சி தேய்ச்சிப் பாத்துட்டேன். ஒண்ணும் ஒட்டிகினு இல்ல. சொன்னா திருத்திக்குவேன்."

பட்டாபிராமன் குழு அமைத்திருக்கிறோம் என்றார். டியூ பிராசஸ் என்றும் சொன்னார். அவள் அதற்கும் தலையாட்டினாள். அவர் நடையை வழக்கத்தைவிட நீளமாக, ரயில்வே கேட் வரை போய் முடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேதாசலத்துக்கு நந்தினி சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் பெரிய அறிவாளி இல்லை. அதனால் அவருக்கு அது உறைத்தது. அந்தக் கேட்டில் ஒரு நாளைக்கு நூற்றிருபது பார்சல் வரும். செருப்பு வரும், நாய்க்கு பிஸ்கட் வரும், பிரியாணி வரும், திருப்பி அனுப்பிய செருப்பு வேறு நிறத்தில் மறுபடி வரும். ஒன்றுக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. வீட்டு எண்ணைத் தட்டி, வகையைத் தட்டினால், வீட்டுக்காரர் போனில் மணி அடிக்கும். சரி என்று அமுக்கினால் கேட் திறந்துவிடும். எழுபத்திரண்டு வீட்டிலும் பார்சல் என்றால் எதற்கு, யாரிடமிருந்து என்று பார்க்காமல் அமுக்குகிற பழக்கம் ஊறியிருந்தது. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவர் எல்லம்மாவைக் கூப்பிட்டார்.

"பார்சலுன்னு போட்டு உள்ள வுட்றேன். கம்னு போ."

எல்லம்மா அவரை முறைத்தாள். "பார்சலா? நான் இன்னா பிரியாணியா?"

"பிரியாணிய எவன்கா தடுக்கறான்? போயிகினே இரு."

வேதாசலம் பட்டாபிராமன் வீட்டு எண்ணைத்தான் முதலில் தட்டினார். தலைவர் வீடு ஆயிற்றே. அங்கே போன் அபிதகுஜாம்பாளின் கையருகே, சோபாவில் இருந்தது. 'உங்கள் பார்சல் வந்துள்ளது. அளவு: பெரியது. உடையக்கூடியதா: இல்லை.' அவள் சரியை அமுக்கிவிட்டு, என்ன வாங்கினேள் என்று கணவரைக் கேட்டாள். அவர் ஒன்றும் வாங்கவில்லை. ஷ்யாம்சுந்தர் ஏதாவது அனுப்பியிருப்பான் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

எல்லம்மா செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தாள். யாரும் எதுவும் கேட்பதற்குள் சமையலறைக்குப் போய், தொட்டியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். ஆறு நாள் பட்டாபிராமன் தேய்த்த பாத்திரங்கள் அங்கே அடுக்கியிருந்தன. அவள் எல்லாவற்றையும் மறுபடி தொட்டிக்குள் இறக்கினாள். குழாய் திறக்கும் சத்தம், இரும்பு நார் உரசும் சத்தம்.

அபிதகுஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தேளா, மெஷினே தன் தப்பை உணர்ந்து விட்டுடுத்து என்றாள். அவர் ஆமாம் என்றார். எல்லம்மாவுக்கு டிகாஷன் புதுசாகப் போட வேண்டும் என்று எழுந்தவள், போன் மறுபடி மணியடித்ததும் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நிதானமாக வாய்விட்டுப் படித்தாள். "இன்றைய டெலிவரி எப்படி இருந்தது? மதிப்பீடு இரண்டுக்குக் கீழ் இருந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் டெலிவரிகள் நிறுத்தப்படும்." கீழே, உள்ளே ஒன்றும் இல்லாத ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன.

"கேக்கறதைப் பாரேன்," என்று சிரித்தாள். சமையலறைப் பக்கம் திரும்பி, "எல்லம்மா, இன்னிக்கும் உனக்கு ஃபர்ஸ்ட்தான்டீ" என்றாள்.

சாக்பீஸ் பிடித்த அந்த விரல் எழுந்து, இடது ஓரத்து நட்சத்திரத்தை நோக்கி, பிழை செய்து பழக்கமில்லாத ஒரு நிதானத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் வாயைத் திறந்தார். பதினெட்டு நிமிடம் பேசிய வாய்.

"அபி," என்றார்.

விரல் திரைக்கு ஒரு நூல் மேலே நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.